மெயில்பாக்ஸைத் திறந்தது யார்? அறிகுறி பார்த்துத் தேடும் வழிமுறை

"என் மெயிலை யாரோ படிக்கிறார்கள்" என்று ஒருவர் புகார் சொன்னால், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பெட்டியைத் திறக்க யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது? யார் உள்ளே வந்தார்கள்? வந்தவர் எந்த மெயிலைப் பார்த்தார்? முதல் கேள்விக்கு அனுமதிப் பட்டியல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு லாகின் பதிவுகள். மூன்றாவதற்கு மெயில்பாக்ஸ் ஆடிட் லாக், அதுவும் முன்பே இயக்கி வைத்திருந்தால்தான். ஒரு கேள்விக்கான விடையை இன்னொன்றின் லாகில் தேடுவதால்தான் இந்த வேலை பெரும்பாலும் இழுத்துக்கொண்டே போகிறது.

தேடத் தொடங்கும் முன் இரண்டு காரியங்கள். ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாக், மெயில் லாக் எல்லாம் சுழற்சியில் அழியக்கூடியவை. மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் ஆடிட் பதிவுகளுக்கும் வழக்கமாக 90 நாள்தான் ஆயுள். அதனால் கையில் இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். அப்புறம், நேரம். ஐஐஎஸ் லாகும் மைக்ரோசாஃப்ட் 365 ஆடிட் பதிவும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருக்கும். புகார் கொடுத்தவர் சொல்வது அவருடைய கடிகார நேரம். இதை மாற்றிப் பார்க்காமல் "அந்த நேரத்தில் யாரும் வரவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் பெட்டியைப் பற்றிய விசாரணை என்பதால், கேட்டவரிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்கிக்கொள்வது உங்களுக்கே பாதுகாப்பு. நீங்கள் தேடியதும் பதிவாகும்.

அறிகுறி: ஆடிட் லாகில் தேடினால் ஒன்றுமே வரவில்லை

சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்றால் காரணம் அனேகமாக எளிது: ஆடிட் இயக்கப்படவே இல்லை. இந்த வசதி எக்ஸ்சேஞ்ச் 2010 சர்வீஸ் பேக் 1 முதல் இருக்கிறது. ஆனால் நாமே ஒவ்வொரு பெட்டிக்கும் இயக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சின் பவர்ஷெல் திரையில் ஓட்டும் கெட்-மெயில்பாக்ஸ் கட்டளையில் ஆடிட்எனேபிள்ட் என்ற பண்பு ஃபால்ஸ் என்று வந்தால் அதோடு தேடல் முடிந்தது. செட்-மெயில்பாக்ஸ் கொண்டு ட்ரூ ஆக்குங்கள். இனி நடப்பது பதிவாகும்; நடந்து முடிந்ததை இந்த லாகிலிருந்து மீட்க முடியாது. பழையதற்கு ஐஐஎஸ் லாகும், நிர்வாகிகள் ஓட்டிய கட்டளைகளைப் பதியும் அட்மின் ஆடிட் லாகும்தான் கதி.

ட்ரூ என்று வந்தும் லாக் காலியா? அப்படியானால் யார் செய்த எந்தச் செயல் பதிவாகிறது என்று பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஓனர் (உரிமையாளர்), டெலிகேட் (அந்தப் பெட்டிக்கு அனுமதி பெற்ற இன்னொருவர்), அட்மின். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது. நிர்வாகி ஒருவர் தனக்கு முழு அனுமதி கொடுத்துக்கொண்டு அவுட்லுக்கில் பெட்டியைத் திறந்தால், அவர் டெலிகேட் கணக்கில் வருவார். அட்மின் வகை என்பது இ-டிஸ்கவரி (சட்ட விசாரணைக்கான) தேடல், மெயில்பாக்ஸ் ஏற்றுமதி, எம்எஃப்சி-மாப்பி போன்ற கருவி வழியாக வருவதைக் குறிக்கும். "அட்மின் யாரும் திறக்கவில்லை" என்று நிம்மதியாக அறிக்கை கொடுப்பவர்கள் டெலிகேட் பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, டெலிகேட்டுக்கு இயல்பாகப் பதிவாவது மாற்றம், அழிப்பு, அவர் பெயரில் அனுப்புதல், உருவாக்குதல் ஆகியவைதான். ஃபோல்டரைத் திறந்து பார்ப்பது, அதாவது ஃபோல்டர்பைண்ட், டெலிகேட்டுக்கு இயல்பாகப் பதிவாகாது. ஆடிட்டெலிகேட் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் ஒரே ஃபோல்டருக்கு 24 மணி நேரத்தில் ஒரு பதிவுதான் விழும். பத்து முறை திறந்தாரா, ஒரு முறையா என்பது அதிலிருந்து தெரியாது. ஓனருக்கோ எதுவுமே இயல்பாகப் பதிவாவதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட கணக்கின் சுவடே இல்லை என்றால், கெட்-மெயில்பாக்ஸ்ஆடிட்பைபாஸ்அசோசியேஷன் ஓட்டிப் பாருங்கள். பேக்கப் கணக்கு, ஆன்டிவைரஸ் கணக்கு போன்றவை லாகை நிரப்பிவிடும் என்பதற்காக அவற்றை விலக்கி வைக்கும் வசதி இது. ஒரு மனிதரின் கணக்கு அந்தப் பட்டியலில் இருந்தால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும். விலக்கு எப்போது, யாரால் போடப்பட்டது என்று அட்மின் ஆடிட் லாக் சொல்லும்.

கடைசியாகத் தேடல் கட்டளையே. செர்ச்-மெயில்பாக்ஸ்ஆடிட்லாக், ஷோடீடெய்ல்ஸ் இல்லாமல் ஓடினால் பெட்டியின் பெயரையும் கடைசி அணுகல் நேரத்தையும் காட்டிவிட்டு நின்றுவிடும். விவரம் வேண்டுமென்றால் ஒரே பெட்டியை ஐடென்டிட்டியில் கொடுத்து, ஷோடீடெய்ல்ஸும் லாகான்டைப்ஸும் சேர்த்து ஓட்டுங்கள். இயல்பாக 1000 பதிவுகளோடு நின்றுவிடும் என்பதால் ரிசல்ட்சைஸையும் உயர்த்துங்கள். பல பெட்டிகளுக்கு என்றால் நியூ-மெயில்பாக்ஸ்ஆடிட்லாக்செர்ச். அது பின்னணியில் ஓடி முடிவை மெயிலில் அனுப்பும். உடனே வராது.

அறிகுறி: "நான் திறக்கவே இல்லை" என்கிறார், லாக் திறந்ததாகச் சொல்கிறது

பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். ஆட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் மூலம் முழு அனுமதி கொடுத்தால் ஆட்டோமேப்பிங்கும் சேர்ந்தே இயங்கிவிடும். அவுட்லுக்கைத் திறந்த கையோடு அந்தப் பெட்டி இடப்பக்கப் பட்டியலில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கேஷ்டு மோடில் (மெயிலின் நகலைக் கணினியிலேயே வைக்கும் முறை) இருந்தால் ஃபோல்டர்கள் தாமாகவே இறங்கத் தொடங்கும். பயனர் ஒரு கிளிக் கூடச் செய்திருக்க மாட்டார். லாகில் ஃபோல்டர்பைண்ட் விழுந்திருக்கும்.

பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் கிளையன்ட்இன்ஃபோஸ்ட்ரிங், கிளையன்ட்பிராசஸ்நேம் என்ற புலங்கள் இருக்கும். செயலி அவுட்லுக், நேரமோ அவர் கணினியை இயக்கிய சில நிமிடங்களுக்குள், தினமும் அதே மாதிரி, இன்பாக்ஸ் மட்டும் என்றால் அது ஆட்டோமேப்பிங்கின் கைவேலை. அதே பெயர் ஓடபிள்யூஏ (உலாவியில் திறக்கும் அவுட்லுக்) வழியாக, வழக்கமில்லாத நேரத்தில், ஒரு உள் ஃபோல்டரைத் தொட்டிருந்தால் கதை வேறு. உலாவியில் இன்னொருவர் பெட்டி தானாகத் திறந்துகொள்ளாது. வேண்டுமென்றே போனால்தான் உண்டு.

ஃபோல்டர்பைண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர்மீது குற்றம் சாட்டக் கூடாது என்பது என் கருத்து. அழித்தது, நகர்த்தியது, அவர் பெயரில் அனுப்பியது போன்ற பதிவு ஒன்றாவது கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் "பெட்டி அவருடைய செயலியில் ஏற்றப்பட்டிருந்தது" என்பதற்கு மேல் எழுதாதீர்கள்.

ஆட்டோமேப்பிங் வேண்டாம் என்றால் இருக்கும் அனுமதியை நீக்கிவிட்டு, ஆட்டோமேப்பிங் ஃபால்ஸ் என்று சொல்லி மறுபடி கொடுக்க வேண்டும்.

அறிகுறி: அனுமதிப் பட்டியல் சுத்தமாக இருக்கிறது, லாகில் மட்டும் ஒரு பெயர் வருகிறது

கெட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் இப்போதைய நிலையை மட்டும் காட்டும். நேற்று இரவு அனுமதி கொடுத்து, வேலையை முடித்து, எடுத்தும் விட்டிருந்தால் இன்று காலைப் பட்டியலில் அது இருக்காது. அதற்குத்தான் அட்மின் ஆடிட் லாக். செர்ச்-அட்மின்ஆடிட்லாகில் ஆட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன், ரிமூவ்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் இரண்டையும் தேடி, ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளிக்குள் ஃபோல்டர்பைண்ட் விழுந்திருந்தால் கோர்வை கிடைத்துவிட்டது.

அங்கேயும் ஒன்றும் இல்லையா? அனுமதி பெட்டிக்கு வெளியிலிருந்து வந்திருக்கலாம். பட்டியலில் ஒரு குழுவின் பெயர் இருந்தால் அந்தக் குழுவைப் பிரித்துப் பாருங்கள். குழுவுக்குள் குழு என்று இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். குழுவில் ஆளைச் சேர்ப்பது ஆக்டிவ் டைரக்டரியில் (கணக்குகளையும் குழுக்களையும் வைத்திருக்கும் விண்டோஸ் சேவை) நடப்பதால் எக்ஸ்சேஞ்சின் அட்மின் லாகுக்குத் தெரியவே தெரியாது. டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4728, 4732, 4756 ஆகிய நிகழ்வு எண்களைத் தேட வேண்டும்; முறையே குளோபல், லோக்கல், யுனிவர்சல் குழுக்களில் உறுப்பினர் சேர்க்கப்பட்டதைக் குறிப்பவை. எக்ஸ்சேஞ்ச் குழுக்கள் பெரும்பாலும் யுனிவர்சல் என்பதால் 4756-இல் தொடங்குங்கள்.

தரவுத்தள அளவில் கொடுக்கப்பட்ட ரிசீவ்-ஆஸ் உரிமையையும் மறக்க வேண்டாம். பழைய இடமாற்றத் திட்டம் ஒன்றுக்காகக் கொடுத்து, திட்டம் முடிந்த பிறகு யாரும் எடுக்காமல் விட்டது என்றால் இதுதான். ஒரு டேட்டாபேஸில் அந்த உரிமை இருந்தால் அதிலுள்ள எல்லாப் பெட்டிகளும் திறக்கும். கெட்-மெயில்பாக்ஸ்டேட்டாபேஸின் வெளியீட்டை கெட்-ஏடிபெர்மிஷனுக்கு அனுப்பினால் வெளிப்படும்.

அறிகுறி: லாகில் வரும் பெயர் யாரென்றே தெரியவில்லை

எஸ்-1-5-18, அல்லது என்டி அத்தாரிட்டி சிஸ்டம்: அது சர்வரே. ஹெல்த்மெயில்பாக்ஸ் என்று தொடங்கி நீண்ட எழுத்துக் கோவையோடு வருவது எக்ஸ்சேஞ்ச் 2013 முதல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கண்காணிப்புக் கணக்கு. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் பெயராக மாறாமல் நின்றால் கணக்கு அழிக்கப்பட்டிருக்கலாம். ஆக்டிவ் டைரக்டரி ரீசைக்கிள் பின்னில் அந்த எஸ்ஐடியை, அதாவது கணக்கின் அடையாள எண்ணை, தேடுங்கள். முதல் இரண்டையும் வடிகட்டிவிட்டுப் பார்த்தால் பக்கக் கணக்கில் இருக்கும் லாக் சில வரிகளாகச் சுருங்கிவிடும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை: கெட்-மெயில்பாக்ஸ்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காட்டும் லாஸ்ட்லாகான்டைம், லாஸ்ட்லாக்டான்யூசர்அக்கவுண்ட் இரண்டையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னணிச் சேவைகள் பெட்டியைத் தொட்டாலே லாகான் நேரம் மாறும். பயன்படாத பெட்டிகளைத் தோராயமாகக் கணக்கெடுக்க மட்டும் சரி.

அறிகுறி: எல்லாப் பதிவிலும் உரிமையாளரின் பெயரே வருகிறது

படிக்காத மெயில் படித்ததாக மாறியிருக்கிறது. லாகில் டெலிகேட் யாரும் இல்லை. முதலில் அவருடைய பழைய ஃபோன்கள். கெட்-மொபைல்டிவைஸ்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கட்டளை, இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் கடைசியாக எப்போது ஒத்திசைந்தது என்று காட்டும். வேறொருவர் கைக்குப் போன ஃபோன் இன்னமும் ஒத்திசைந்துகொண்டிருந்தால் விசாரணை பத்தே நிமிடத்தில் முடியும்.

அது இல்லையென்றால் கடவுச்சொல் வெளியே போயிருக்கலாம். ஓனருக்கு மெயில்பாக்ஸ்லாகின் என்ற செயலைப் பதிவு செய்யச் சொல்லலாம்தான். ஆனால் அது பாப்3, ஐமேப்4, ஓஆத் வழி வரும் லாகின்களை மட்டும் பிடிக்கும். விண்டோஸின் உள்நுழைவு முறைகளான என்டிஎல்எம், கெர்பெராஸ் வழி வந்தால் பிடிக்காது. அந்த ஓட்டையை ஐஐஎஸ் லாகை வைத்து அடைக்க வேண்டியிருக்கும்: அவர் பெயரில் வந்த ஐபி முகவரிகளைப் பிரித்து, அவர் பயன்படுத்தாத முகவரியைத் தேடுங்கள். முன்னால் லோடு பேலன்சர் (இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்துவிடும் கருவி) இருந்தால் எல்லா வரியிலும் அதன் ஐபிதான் நிற்கும். உண்மையான முகவரிக்கு அதன் சொந்த லாகுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது சாத்தியம், அப்ளிகேஷன்இம்பெர்சனேஷன் என்ற ரோல். இந்த ரோல் உள்ள சேவைக் கணக்கு, இடபிள்யூஎஸ் (செயலிகள் எக்ஸ்சேஞ்சோடு பேசும் இடைமுகம்) வழியாக உரிமையாளரின் உரிமைகளோடு பெட்டிக்குள் நடமாடும். டெலிகேட் பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தால் அது தட்டுப்படாமலே போகலாம். யாரிடம் அந்த ரோல் இருக்கிறது என்பதை கெட்-மேனேஜ்மென்ட்ரோல்அசைன்மென்ட் சொல்லும். ஐஐஎஸ் லாகில் உள்நுழைந்த கணக்காக நிற்பது சேவைக் கணக்கின் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிடிபடும்.

ஓனர் ஆடிட்டை எல்லாச் செயல்களுக்கும் நிரந்தரமாக இயக்கி வைக்கும் ஆசை வரும். வேண்டாம். பதிவுகள் அந்தப் பெட்டியின் ரிக்கவரபிள் ஐட்டம்ஸ் பகுதியில், ஆடிட்ஸ் என்ற மறைவான ஃபோல்டரில்தான் சேர்கின்றன. அதன் அளவுக்கும் வரம்பு உண்டு.

அறிகுறி: மெயில் விஷயம் வெளியே தெரிகிறது, பெட்டியை யாரும் தொடவில்லை

லாகையே சந்தேகிப்பதற்கு முன், மெயில் பெட்டிக்கு வரும் வழியில் நகலாகிறதா என்று பாருங்கள். பெட்டியின் ஃபார்வர்டிங் பண்புகள், கெட்-இன்பாக்ஸ்ரூல் காட்டும் விதிகள், டிரான்ஸ்போர்ட் ரூலில் (சர்வரைக் கடக்கும் மெயிலுக்கான விதி) பிசிசி, ஜர்னல் ரூல் (மெயிலின் நகலைக் காப்பகத்துக்கு அனுப்பும் விதி), இந்த வரிசையில். இன்பாக்ஸ் விதிகளைப் பார்க்கும்போது இன்க்ளூட்ஹிட்டன் சேர்க்க மறக்க வேண்டாம். அவுட்லுக் திரையில் தெரியாத விதியை விட்டுச்செல்வது ஊடுருவியவர்களின் பழைய பழக்கம். லினக்ஸில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில் ஆல்வேஸ்_பிசிசி, ரெசிபியன்ட்_பிசிசி_மேப்ஸ், சென்டர்_பிசிசி_மேப்ஸ், அப்புறம் பயனரின் சீவ் (மெயிலை வடிகட்டும்) விதிகள்.

மொத்தப் பெட்டியையும் ஏற்றுமதி செய்து எடுத்துப் போயிருக்கவும் கூடும். நியூ-மெயில்பாக்ஸ்எக்ஸ்போர்ட்ரெக்வெஸ்ட் ஓட்ட மெயில்பாக்ஸ் இம்போர்ட் எக்ஸ்போர்ட் ரோல் வேண்டும். இயல்பாக அது யாருக்கும் கிடையாது, உச்ச நிர்வாகிக் குழுவுக்குக்கூட. ஆகவே அந்த ரோல் யாருக்கு எப்போது ஒதுக்கப்பட்டது என்ற ஒரு வரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அறிகுறி: மைக்ரோசாஃப்ட் 365-இல் எந்த மெயில் படிக்கப்பட்டது என்று தெரிய வேண்டும்

2019 ஜனவரியிலிருந்து மைக்ரோசாஃப்ட் 365-இன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மெயில்பாக்ஸ் ஆடிட் இயல்பாகவே இயங்குகிறது. நிறுவன அளவில் ஆடிட்டிசேபிள்ட் ஃபால்ஸ் என்று இருந்தால், தனிப்பெட்டியின் ஆடிட்எனேபிள்ட் என்ன காட்டினாலும் கவலையில்லை. தேடலுக்கு செர்ச்-யூனிஃபைட்ஆடிட்லாக். அக்டோபர் 2023 முதல் அடிப்படை உரிமத்துக்கே 180 நாள் பதிவு இருக்கிறது. சற்று முன் நடந்த நிகழ்வு வந்து சேர ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம், பொறுமை வேண்டும்.

இங்கே பார்க்க வேண்டியது மெயில்ஐட்டம்ஸ்ஆக்சஸ்ட் என்ற நிகழ்வு. இதன் மதிப்பு 2023 ஜூனில் தெரிந்தது. அமெரிக்க மத்திய அரசின் ஒரு துறை, தன் பதிவுகளில் பழக்கமில்லாத செயலி அடையாளத்தோடு இந்த நிகழ்வு வருவதைக் கவனித்துப் புகார் செய்ததால்தான் ஸ்டார்ம்-0558 என்ற ஊடுருவல் வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைக்கு அந்தப் பதிவு மேல்தட்டு உரிமம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகே கீழ்த்தட்டு உரிமங்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

நிகழ்வில் இரண்டு வகை. பைண்ட் என்றால் ஒரு குறிப்பிட்ட மெயில் அணுகப்பட்டது. அதன் இன்டர்நெட் மெசேஜ் ஐடி பதிவிலேயே இருக்கும், எந்த மெயில் என்று விரல் வைத்துச் சொல்லலாம். சிங்க் என்றால் டெஸ்க்டாப் அவுட்லுக் ஒரு ஃபோல்டரை மொத்தமாக இறக்கியது. தனி மெயில் விவரம் இருக்காது. சந்தேகத்துக்குரிய சிங்க் வந்தால் அந்த ஃபோல்டர் முழுவதும் போனதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் பைண்ட் பதிவுகள் வந்தால் அடுத்த 24 மணி நேரம் அந்தப் பெட்டிக்குப் பைண்ட் பதிவு நின்றுவிடும். இஸ்த்ராட்டில்ட் என்ற குறி ட்ரூ என்றிருந்தால் அந்த இடைவெளியில் நடந்தது கணக்கில் இல்லை என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

மனிதக் கணக்குக்குப் பதில் ஒரு ஆப்ஐடி (செயலியின் அடையாள எண்) வருகிறதா? மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ரா ஐடியில் அந்தச் செயலிக்கு மெயில்.ரீட் அனுமதி எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். அப்ளிகேஷன் வகையில் கொடுத்து, எல்லை எதுவும் வகுக்காமல் விட்டிருந்தால் அந்தச் செயலி நிறுவனத்தின் எல்லாப் பெட்டிகளையும் படிக்கும்.

ஒரு பொறி: முன்பு யாராவது ஆடிட் செயல்களின் பட்டியலைக் கையால் மாற்றியிருந்தால், பிறகு மைக்ரோசாஃப்ட் சேர்த்த செயல்கள் அந்தப் பெட்டிக்கு வந்திருக்காது. டிஃபால்ட்ஆடிட்செட் பண்பில் ஓனர், டெலிகேட், அட்மின் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லாததைச் செட்-மெயில்பாக்ஸ் வழியாகத் திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அறிகுறி: டவ்காட் சர்வரில் லாகின் தெரிகிறது, படித்தாரா என்று தெரியவில்லை

லினக்ஸில் ஓடும் ஐமேப் மெயில் சர்வரான டவ்காட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆடிட் லாக் கிடையாது. ஆனால் இருக்கும் லாகையே பலர் முழுதாகப் படிப்பதில்லை. லாகின் வரியில் யூசர், மெத்தட், எதிர்முனை ஐபியைக் காட்டும் ஆர்ஐபி, அப்புறம் ஒரு செஷன் ஐடி இருக்கும். அதே செஷன் ஐடியை வைத்து வெளியேறிய வரியைத் தேடுங்கள். அங்கே ஹெச்டிஆர்_கவுண்ட், பாடி_கவுண்ட், பாடி_பைட்ஸ் என்று எண்கள் நிற்கும். ஹெச்டிஆர்_கவுண்ட் 340, பாடி_கவுண்ட் 0 என்றால் வந்தவர் தலைப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பாடி_கவுண்ட் 3 என்றால் மூன்று மெயில்களின் உள்ளடக்கம் இறங்கியிருக்கிறது. எந்த மூன்று என்பது இதில் வராது.

மெயில்_லாக் பிளக்இன் அழித்தது, நகலெடுத்தது போன்றவற்றைக் காட்டும். ஃபிளாக்_சேஞ்ச் நிகழ்வைச் சேர்த்தால் படித்ததாகக் குறி மாறுவதும் தெரியும். பீக் முறையில் எடுத்தால் குறி மாறாது என்பதால் குறி மாறவில்லை என்பதை யாரும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மாஸ்டர் யூசர் வசதி இருந்தால் ஒருவர் தன் கடவுச்சொல்லோடு எந்தப் பெட்டிக்குள்ளும் போகலாம். இயல்பான லாகின் வரியில் பெட்டியின் பெயர் மட்டும் நிற்கும். லாகின்_லாக்_ஃபார்மட்_எலிமென்ட்ஸில் ஆத்_யூசர் மாறியைச் சேர்த்துவிட்டால் உள்ளே வந்த மாஸ்டரின் பெயரும் விழும். பகிர்ந்த ஃபோல்டர்கள் இதற்கு நேர் எதிர்: வந்தவர் தன் சொந்தப் பெயரில் நுழைந்து பிறர் ஃபோல்டரைத் திறப்பார், அதனால் உரிமையாளர் பெயரைத் தேடினால் எதுவும் கிடைக்காது, ஏசிஎல் (ஃபோல்டர் அனுமதி) பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

சர்வரில் ரூட் (உச்ச நிர்வாகி) உரிமை உள்ளவர் மெயில் சேமிக்கப்படும் மெயில்டிர் கோப்பை நேராகத் திறந்தால் டவ்காட்டுக்குச் சேதியே போகாது. அதற்கு லினக்ஸின் ஆடிட் சேவையான ஆடிட்டிடி. மெயில் வைக்கும் டைரக்டரிக்கு வாசிப்பைக் கண்காணிக்கும் விதி போடுங்கள். கூடவே ஏயூஐடி (முதலில் லாகின் செய்த கணக்கின் எண்) 'அன்செட்' இல்லாதவற்றை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். டவ்காட் போன்ற சேவைகளுக்கு ஏயூஐடி இருக்காது, அதனால் அவற்றின் வாசிப்பு லாகை நிரப்பாது. மனிதர் ஒருவர் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து சூடோ போட்டு ரூட் ஆனாலும், ஏயூஐடி அவர் முதலில் நுழைந்த கணக்கின் எண்ணாகவே நிற்கும். கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) வழியாக ஓடும் பேக்கப்புக்கு ஏயூஐடி 0 என்று வரும். நேரடி ரூட் லாகினுக்கும் அதே 0 வருவதால், நேரடி ரூட் லாகினை மூடிவிட்டு இந்த விதியைப் போடுங்கள். லாகை அந்த சர்வரிலேயே வைக்காமல் அதே ரூட்டின் கைக்கு எட்டாத வேறொரு சர்வருக்கு அனுப்புங்கள்.